விடை தெரிந்தாலும் வழிமுறை எழுத வேண்டும்: கிறிஸ்தவத் தத்துவத்தில் வேதாகமத்துக்கு என்ன வேலை?

"கிறிஸ்தவத் தத்துவம்" என்று வாயெடுத்தாலே இரண்டு பேர் பேச்சை முடித்துவைக்க வந்துவிடுவார்கள். முதல் ஆளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "பைபிளில் எழுதியிருக்கு, அதனால உண்மை, இவ்வளவுதானே உங்க தத்துவம்?" என்பார். இரண்டாவது ஆள் தீவிர விசுவாசி. "வேதம் கையில் இருக்கும்போது தத்துவம் எதுக்கு? பவுலே எச்சரிச்சிருக்காரே" என்று, அப்போஸ்தலர் பவுலின் பெயரில் பைபிளில் உள்ள கடிதமான கொலோசெயர் 2:8-ஐ நீட்டுவார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே "லௌகிக ஞானம்" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்பது 'பிலோசோபியா' என்ற சொல்தான், அதாவது தத்துவமேதான். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நம்புகிறார்கள்: வசனம் வந்துவிட்டால் யோசனை நின்றுவிடும். ஒருவர் அதைக் குறையாகச் சொல்கிறார், மற்றவர் பெருமையாகச் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் துறையில் பெயர் நிலைத்தவர்களை எடுத்துப் படித்தால் நிலைமை வேறு மாதிரி இருக்கிறது. ஒரு வசனத்தில் தொடங்குவார்கள், பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாக வாதாடுவார்கள், சில நேரம் அந்த வசனத்தின் பேச்சே மறுபடி வராது. அப்படியானால் அந்த வசனம் அங்கே என்னதான் செய்கிறது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. முன்னறிவு எதுவும் வேண்டாம். நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் நான்கு சொற்கள்

வேதாகமம் என்றால் பைபிள். வேதம், ஆகமம் என்று ஏற்கெனவே இந்த மண்ணில் புழங்கிய இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்த சொல் அது. புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கப் பைபிளில் 73. இங்கே நான் மேற்கோள் காட்டும் வசனங்கள் பழைய புராட்டஸ்டன்ட் தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளவை, எனக்குப் பழகியது அதுதான்.

வெளிப்பாடு என்றால் மனிதன் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காமல், கடவுள் தாமே தெரிவித்ததாக நம்பப்படுகிற செய்தி. கிறிஸ்தவர்களுக்கு வேதாகமம் அந்தச் செய்தியின் எழுத்து வடிவம்.

பகுத்தறிவு என்றதும் தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டை ஞாபகம் வரும். இந்தக் கட்டுரையில் அந்த அர்த்தம் வேண்டாம். எந்த மதத்துக்காரரும் மதமே இல்லாதவரும் பொதுவாக வைத்திருக்கிற யோசிக்கும் திறன், அவ்வளவுதான்.

கடைசியாக, தத்துவமும் இறையியலும். இரண்டும் கடவுளைப் பற்றிப் பேசலாம். இறையியல் வெளிப்பாட்டை ஏற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறது. தத்துவம் எல்லோருக்கும் பொதுவான பகுத்தறிவிலிருந்து தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், குழப்பத்தில் பாதி இதிலேயே தீரும்.

உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்?

யோசித்துப் பாருங்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் உங்கள் நினைவில் எதுவும் இல்லை. அம்மா சொன்னார், சான்றிதழில் இருக்கிறது, நம்பினோம். இன்றைக்கும் வங்கிப் படிவத்தில் அந்தத் தேதியைத் தயங்காமல் எழுதுகிறோம். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படி யாரோ சொல்லி வந்தது.

இந்த விஷயத்தைக் கிறிஸ்தவத் தத்துவத்துக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் அகுஸ்தீன். கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். 19 வயதில் பழைய ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோவின் நூல் ஒன்றைப் படித்துத் தத்துவத்தின் மேல் பித்துப் பிடித்துப்போய், சரி, பைபிளையும் பார்ப்போம் என்று திறந்தார். பிடிக்கவில்லை. சிசரோவின் நடைக்கு முன்னால் அது தரம் குறைந்ததாகத் தோன்றியது. பல வருடம் கழித்து மிலானில்தான் மனம் மாறுகிறது. அப்போது அவருக்கு உதவிய யோசனைகளில் ஒன்று இது: நான் பார்க்காத ஊர்கள், எனக்கு முன் நடந்த சம்பவங்கள், ஏன், என் அப்பா அம்மா யார் என்பதைக்கூடப் பிறர் சொல்லித்தானே நம்புகிறேன்? அப்படியிருக்க, "சொல்லக் கேட்டு நம்புவது" என்பதையே முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாதே.

நம் ஊர்த் தத்துவ மரபு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சைவ சித்தாந்தத்தில் அறிவுக்கு மூன்று அளவைகள் உண்டு: காட்சி, கருதல், உரை. கண்ணால் காண்பது, காரணம் கொண்டு ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்பது. வேதாகமம் அந்த மூன்றாவது வகை, உரை. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் மரபில் உரையும் ஓர் அளவையாகத் தத்துவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேற்கில், குறிப்பாக இடைக்காலத்துக்குப் பிறகு, உரைக்கு இறையியலில் முதல் நாற்காலி. தத்துவத்தில் அது சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. ஏன் என்று அடுத்துப் பார்க்கலாம்.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்போம். அந்த விடையை மட்டும் நோட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? விடை சரியாகவே இருந்தாலும் ஆசிரியர் சிவப்பு மையில் "வழிமுறை எங்கே?" என்று எழுதுவார்.

கிறிஸ்தவத் தத்துவவாதியின் நிலை கிட்டத்தட்ட அந்த மாணவனுடையது. விடை தன்னிடம் இருப்பதாக அவர் நம்புகிறார். ஆனால் விடையைத் தூக்கிக் காட்டுவது தத்துவம் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இது நானாகக் கற்பித்த ஒப்புமை என்று நினைத்துவிட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தோமா அக்குவினா (சுமார் 1225–1274) ஒரு பொது விவாதத்தில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆசிரியர் ஒரு கேள்வியை வெறும் மேற்கோள்களை வைத்தே தீர்த்துவைத்தால், விஷயம் அப்படித்தான் என்று மாணவனுக்கு உறுதிப்படும். ஆனால் ஏன் அப்படி என்ற அறிவு எதுவும் கிடைக்காமல் அவன் வெறும் கையோடு வீட்டுக்குப் போவான். இதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள்: வேதாகமத்தை வரி வரியாக விளக்குவதுதான் அவருடைய உத்தியோகம்.

கடைசிப் பக்க விடையால் பயனே இல்லையா? இருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கில் 27 வருகிறது, புத்தகத்தில் 72 என்று இருக்கிறது. உடனே திரும்பிப் போய் எங்கே பிசகினோம் என்று பார்ப்பீர்கள். சில சமயம் உங்கள் கணக்கு தப்பாக இருக்கும். சில சமயம் வேறு கேள்வியின் விடையைப் பார்த்திருப்பீர்கள், அதாவது விடைப் பகுதியைப் படித்த விதம் தப்பு. இந்த இரண்டாவது வகைத் தப்புதான் பின்னால் கலிலியோ விஷயத்தில் பெரிதாக வெடிக்கிறது.

இதுவரை வந்த பாதை: வேதாகமம் ஒரு சாட்சியின் சொல் போன்றது, சாட்சியின் சொல்லை நம்புவது அறிவுகெட்ட செயல் இல்லை. ஆனால் தத்துவத்தில் அந்தச் சொல்லை ஆதாரமாக நிறுத்த முடியாது, ஏனென்றால் எதிரே இருப்பவர் அந்தச் சாட்சியை ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டியதில்லை.

கேள்வியைக் கொண்டுவந்து போடுவது

விடைப் பகுதி ஒப்புமை நல்லதுதான், ஆனால் ஒரு விஷயத்தை அது மறைத்துவிடுகிறது. வேதாகமம் விடையை மட்டும் தரவில்லை, அதுவரை யாரும் கேட்காத கேள்விகளையும் கொண்டுவந்து போட்டது. என்னைக் கேட்டால் அதன் பெரிய பங்கே இதுதான்.

முதல் உதாரணம், பைபிளின் முதல் வரி. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." கிரேக்கத் தத்துவவாதிகளுக்கு இது விசித்திரமான வாக்கியம். பிளேட்டோவிடம் உலகை உருவாக்கும் ஒரு கைவினைஞர் உண்டு, ஆனால் அவர் குயவர் மாதிரி; ஏற்கெனவே கிடக்கும் களிமண்ணை எடுத்து வடிவம் கொடுப்பவர். அரிஸ்டாட்டிலுக்கோ உலகம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிற ஒன்று. கிறிஸ்தவர்கள் அந்த முதல் வரியைப் படித்த விதத்தில் குயவர் இருக்கிறார், களிமண் இல்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு. அப்படியென்றால் இந்த உலகம் இல்லாமலேயே இருந்திருக்கலாம் அல்லவா? பின் ஏன் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு இவ்வளவு கூர்மை வந்தது அந்த வரியைப் படித்தவர்களால்தான்.

அகுஸ்தீனிடம் யாரோ கேட்டார்கள்: சரி, வானத்தையும் பூமியையும் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்? இதற்கு அப்போது ஒரு நக்கல் பதில் புழக்கத்தில் இருந்தது: "இந்த மாதிரி ஆழமான விஷயங்களைத் துருவுகிறவர்களுக்கு நரகம் தயார் செய்துகொண்டிருந்தார்." அகுஸ்தீன் அந்தப் பதிலைக் குறிப்பிட்டுவிட்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்கிறார். தெரியாததைத் தெரியாது என்பேனே தவிர, ஆழமாகக் கேட்டவனைக் கேலி செய்ய மாட்டேன். (கேள்வி கேட்டவரை மடக்கி உட்காரவைக்கும் போதகர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்.)

பிறகு அவர் போகும் பாதை முழுக்க முழுக்கத் தத்துவம். "முன்னால்" என்று சொல்ல வேண்டுமானால் காலம் இருக்க வேண்டும். காலமும் படைக்கப்பட்டது என்றால், படைப்புக்கு முன்னால் "முன்னால்" என்பதே இல்லை. அப்படியானால் காலம் என்றால் என்ன? யாரும் கேட்காதவரை தெரிகிறது, கேட்டவுடன் விளக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறார். போனது இப்போது இல்லை, வரப்போவது இன்னும் இல்லை, இந்தக் கணமோ பிடிப்பதற்குள் வழுக்கிவிடுகிறது. இருந்தும் நாம் காலத்தை அளக்கிறோமே, எதை அளக்கிறோம்? நன்றாக மனப்பாடமான ஒரு பாட்டை நீங்கள் பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், இது அவரே சொல்லும் உதாரணம். தொடங்குமுன் பாட்டு முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பாடப் பாட ஒவ்வொரு அடியாக எதிர்பார்ப்பிலிருந்து கழன்று நினைவுக்குள் போகிறது. நாம் அளப்பது மனதின் இந்த நீட்சியைத்தான் என்கிறார். இந்த விளக்கத்தில் வசனம் எங்கே? தொடக்கத்தில் கேள்வியை எழுப்பியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. பைபிளைத் தொட்டே பார்க்காதவர்களும் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பகுதியிடம் வந்துதான் போகிறார்கள்.

இரண்டாவது உதாரணம், யாத்திராகமம் 3:14. எரியும் முட்செடியிலிருந்து பேசும் கடவுளிடம் மோசே அவர் பெயரைக் கேட்கிறார். "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று பதில் வருகிறது. பெயர் கேட்டால் இலக்கணப் புதிர் மாதிரி ஒரு பதில். இதை வைத்துக்கொண்டு தோமா அக்குவினா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறதா என்பது வேறு. அவர் பீனிக்ஸ் பறவையை உதாரணம் காட்டுவார், நமக்குக் கோயில் தூணில் இருக்கும் யாளி போதும். யாளி எப்படி இருக்கும் என்று குழந்தைகூட வர்ணிக்கும். அதனால் யாளி எங்கோ உலவுகிறது என்று ஆகிவிடாது. உலகிலுள்ள எல்லாவற்றிலும் இந்த "என்ன", "இருக்கிறது" இரண்டும் வேறு வேறு. கடவுளிடம் மட்டும் இரண்டும் ஒன்று, அவர் என்ன என்று கேட்டால் "இருப்பதே" என்பதுதான் பதில், அதனால் அந்தப் பெயர் அவருக்கே பொருத்தம் என்கிறார்.

அழகான வாதம். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல்லை "இருப்பேன்" என்றும் படிக்கலாம். இரண்டு வசனத்துக்கு முன்னால் "நான் உன்னோடே இருப்பேன்" என்று வருகிற இடத்தில் இருப்பதும் அதே சொல்தான். அப்போது அது தத்துவ விளக்கத்தைவிட, பயந்துபோன ஒரு மனிதனுக்குக் கொடுத்த வாக்குறுதி மாதிரி கேட்கிறது. எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்தவர்கள் "இருப்பவர் நானே" என்ற தொனியில் எழுதினார்கள். தத்துவத்துக்கு அந்த வாசல் திறந்தது அங்கேதான்.

மொழிபெயர்ப்பில் பிறந்த ஒரு தத்துவ வாக்கியம்

வாசல் மொழிபெயர்ப்பில் திறந்ததற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. "நீங்கள் விசுவாசிக்காவிட்டால் புரிந்துகொள்ளமாட்டீர்கள்." அகுஸ்தீன் திரும்பத் திரும்ப எடுத்தாளும் வசனம் இது, ஏசாயா 7:9. நம்பிக்கை முதலில், புரிதல் அதன் பின்னால் என்ற மரபு முழுவதும் இதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது.

தமிழ் பைபிளை எடுத்து அந்த வசனத்தைப் பாருங்கள்: "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." புரிதல் பற்றிய பேச்சே இல்லை! தமிழ் எபிரேயத்தைப் பின்பற்றுகிறது. அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன், கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. அவருக்கு இது தெரியாமலும் இல்லை. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பாடம் உண்டு என்று எழுதியிருக்கிறார். வசனம் அப்படியே தத்துவத்தின் அஸ்திவாரமாக இருந்திருந்தால் இந்தச் செய்தி கேட்டதும் கட்டிடம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. "பிறர் சொல்லை ஓரளவு நம்பித்தான் கற்கவே தொடங்க முடியும்" என்ற கருத்து, பிறந்த தேதி உதாரணம் மாதிரியான சொந்தக் கால்களில் நிற்கிறது.

வசனத்தை மடித்து வைத்த மடாலயம்

இப்போது 11-ஆம் நூற்றாண்டுக்கு, பிரான்சில் நார்மண்டியிலிருந்த பெக் மடாலயத்துக்குப் போவோம். அங்கே அன்செல்ம் (1033–1109) என்ற துறவியிடம் மற்றத் துறவிகள் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: கடவுளைப் பற்றி எழுதுங்கள், ஆனால் வேதாகமம் சொல்கிறது என்பதற்காக எதையும் ஏற்கச் சொல்லாதீர்கள், வாதத்தின் பலத்திலேயே எல்லாம் நிற்க வேண்டும். கேட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, நாள் முழுக்கச் சங்கீதங்களை, அதாவது பைபிளில் உள்ள துதிப்பாடல்களைப் பாடுகிற துறவிகள்! எழுதி முடித்து, தன் பழைய ஆசிரியரும் அப்போது கான்டர்பரி பேராயருமான லான்ஃப்ராங்குக்கு அனுப்பினார். மேற்கோள்களே இல்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அன்செல்ம் பணிவாகப் பதில் எழுதினார், வசனங்களைச் சேர்க்கவில்லை.

அடுத்த நூலில்தான் அந்தப் புகழ்பெற்ற வாதம் வருகிறது. தொடக்கம் ஒரு சங்கீத வசனம்: "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்." அந்த மதிகேடனைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்செல்ம் அவனை உட்காரவைத்துப் பேசுகிறார். "இதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாது" என்ற ஒன்றைச் சொன்னால் உனக்கு அர்த்தம் புரிகிறதல்லவா? அப்போது அது உன் மனதிலாவது இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. ஆக, அது மனதில் மட்டும் இருந்தால் அதைவிடப் பெரியதை நினைக்க முடியும் என்றாகிவிடும், தொடக்கத்தில் சொன்னதற்கே முரண். எனவே அது உண்மையிலும் இருக்கிறது.

எங்கேயோ ஏமாற்றிவிட்டார் என்று தோன்றுகிறதா? கௌனிலோ என்ற இன்னொரு துறவிக்கும் அப்படித்தான் தோன்றியது. மதிகேடன் சார்பில் நானே பேசுகிறேன் என்று கிளம்பி, இதே வாதத்தை வைத்து உலகிலேயே மிகச் சிறந்த ஒரு தீவு இருப்பதாகவும் நிரூபித்துவிடலாமே என்று மடக்கினார். அன்செல்ம் பதில் எழுதினார், அதோடு அந்த மறுப்பையும் தன் பதிலையும் நூலின் பிரதிகளோடு சேர்த்தே படியெடுக்கச் சொன்னார். சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கே நமக்கு வேண்டியது வேறு: அந்த வாதத்தை அடிக்க கௌனிலோவுக்கும் வேதாகமம் தேவைப்படவில்லை. வசனத்தில் தொடங்கிய ஒன்றை வசனமில்லாமலே ஏற்கலாம், மறுக்கலாம். வசனத்தை உருவிவிட்டுப் பார்த்தால் வாதம் நிற்கிறதா அல்லது அப்போதுதான் விழுகிறதா என்பதுதான் தத்துவத்தையும் பிரசங்கத்தையும் பிரிக்கும் சோதனை.

தோமா போட்ட வேலி

யாரிடம் பேசும்போது எதை ஆதாரமாகக் காட்டலாம் என்பதற்கு ஒரு நடைமுறை ஒழுங்கைத் தோமா அக்குவினா வகுத்தார். யூதர்களோடு வாதிட்டால் பழைய ஏற்பாட்டைக் காட்டலாம், அவர்களும் ஏற்பதால். கிறிஸ்தவத்துக்குள்ளேயே மாறுபடுகிறவர்களிடம் புதிய ஏற்பாட்டையும் காட்டலாம். இஸ்லாமியர்களோடும் பிற சமயத்தாரோடும்? இரண்டையுமே அவர்கள் ஏற்காததால், எல்லோரும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டிய பகுத்தறிவுக்குத்தான் போக வேண்டும். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அவர் காலத்தில் அரிஸ்டாட்டிலின் நூல்கள் இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு ருஷ்தின் உரைகளோடு பாரிஸில் சுடச்சுடப் படிக்கப்பட்டன; இஸ்லாமிய, யூத அறிஞர்களுடைய வாதங்கள் அவர் மேசையிலேயே இருந்தன.

அவருடைய பெரிய நூலில் "கடவுள் இருக்கிறாரா?" என்ற பகுதியைப் பார்த்தால் இந்த முறை கண்ணுக்கு நேரே தெரியும். முதலில் மறுப்புகள்: உலகில் தீமை இருக்கிறது, அதனால் கடவுள் இல்லை, இயற்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது, அதனால் கடவுள் தேவையில்லை. (13-ஆம் நூற்றாண்டுத் துறவி எழுதியது, இன்றைய நாத்திகரின் முதல் இரண்டு வாதங்கள்.) அடுத்து ஒரே வரியில் அந்த "இருக்கிறவராக இருக்கிறேன்" வசனம். பிறகு ஐந்து வழிகள். முதல் வழியில் வருவது விறகும் நெருப்பும்: விறகு தானாகச் சூடாவதில்லை, ஏற்கெனவே சூடாக இருக்கும் ஒன்று அதைச் சூடாக்க வேண்டும், அப்படி மாறுகிற ஒவ்வொன்றையும் வேறொன்று மாற்றுகிறது, இந்தச் சங்கிலிக்கு ஒரு முதல் வேண்டும். ஐந்திலும் வசனம் ஆதாரமாக வருவதில்லை.

அப்போ எல்லாவற்றையும் பகுத்தறிவால் நிரூபித்துவிடலாமா? இல்லை என்கிறார், அங்கேதான் வேலி. கடவுள் இருக்கிறார் என்பதைப் பகுத்தறிவால் எட்டலாம். திரித்துவம், அதாவது ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கொள்கை, வெளிப்பாடு இல்லாமல் எட்டாது. அங்கே தத்துவத்தால் முடிந்தது, "இது முரண்பாடு" என்று சொல்பவருக்குப் பதில் சொல்வது மட்டுமே.

இன்னொன்றையும் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தார், இது பலரை ஆச்சரியப்படுத்தும்: உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பது. அவர் அதை உறுதியாக நம்பினார், ஆதியாகமத்தின் முதல் வரியே அதுதானே. ஆனால் அதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்றார். நிரூபிப்பதாக மற்றவர்கள் கொண்டுவந்த வாதங்கள் பலவீனமானவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு போனால், இதனால்தான் இவர்கள் நம்புகிறார்கள் போல என்று நம்பிக்கையில்லாதவர்கள் சிரிப்பார்கள் என்று எச்சரித்தார். தனக்குச் சாதகமான முடிவுக்கு வந்த மோசமான வாதத்தையே தள்ளிவிட்டார் என்றால் பாருங்கள்.

மூச்சு வாங்கிக்கொள்வோம். வேதாகமம் தத்துவத்துக்குக் கேள்விகளைத் தருகிறது, போகும் திசையைக் காட்டுகிறது, முடிவு தப்பாகத் தோன்றினால் திரும்பிப் பார்க்கவைக்கிறது. வாதத்தின் உள்ளே தூணாக நிற்பது பகுத்தறிவு. எங்கே பகுத்தறிவு எட்டவில்லையோ அங்கே "இது தத்துவம் இல்லை, நம்பிக்கை" என்று பலகை மாட்டிவிட வேண்டும்.

27-ஆ, 72-ஆ?

வேதாகமமும் பகுத்தறிவும் முட்டிக்கொண்டால்? ஆதியாகமத்தில் முதல் நாள் வெளிச்சம் வருகிறது, சூரியன் நான்காம் நாள்தான் வருகிறது. இன்றைக்கு யாரோ புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டை என்று இதைப் பகிர்கிறார்கள். அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இதோடு மல்லுக்கட்டி, அந்த "நாட்கள்" நாம் எண்ணும் நாட்களாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். அதே நூலில்தான் கடுமையாகச் சொல்கிறார்: வானம், பூமி, நட்சத்திரங்களின் ஓட்டம் பற்றியெல்லாம் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் நன்றாகத் தெரியும்; அவர்கள் முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதாகமத்தின் பேரால் உளறினால், அவர்கள் சிரிப்பது போதாதென்று, மற்ற விஷயங்களிலும் அந்த நூலை நம்ப மாட்டார்கள்.

சரியாக இந்தப் பகுதியைத்தான் 1615-இல் கலிலியோ டஸ்கனி நாட்டு மூத்த சீமாட்டி கிறிஸ்டினாவுக்கு எழுதிய கடிதத்தில் கேடயமாகப் பிடிக்கிறார். யோசுவா சூரியனை நிற்கச் சொன்னதாக வேதாகமத்தில் இருக்கிறது, அப்படியானால் சூரியன்தானே சுற்ற வேண்டும் என்பது அன்றைய சிக்கல். பரலோகத்துக்கு எப்படிப் போவது என்று சொல்லத்தான் வேதாகமம் வந்தது, வானம் எப்படிப் போகிறது என்று சொல்ல வரவில்லை என்று ஒரு திருச்சபைப் பெரியவர் சொன்னதையும் அதில் எடுத்துக்காட்டுகிறார்.

பொதுவாகச் சொல்லப்படும் கதையில் எதிர்த்தரப்பு முட்டாள்களாக வருவார்கள். ஆனால் அதே 1615-இல் கர்தினால் பெல்லர்மின் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது: சூரியன் நிலையாக நிற்கிறது என்பதற்கு உண்மையான நிரூபணம் இருந்தால், அந்த வசனங்களை விளக்குவதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும், நிரூபிக்கப்பட்டதைப் பொய் என்பதைவிட வசனம் நமக்குப் புரியவில்லை என்று சொல்வதே மேல், ஆனால் அப்படி ஒரு நிரூபணம் யாரும் காட்டவில்லை. ஆக விதியில் இருவரும் ஒன்று! நிரூபணம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் மோதல். விதி தெரிந்திருந்தும் 1616-இல் அந்தக் கருத்துக்குத் தடை வந்தது, 1633-இல் கலிலியோவுக்கு விசாரணையும் தண்டனையும் வந்தன. விதியை எழுதிவைப்பது ஒரு திறமை, ஆத்திரம் வரும்போது அதைக் கடைப்பிடிப்பது வேறு திறமை.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

எங்கே! சுமார் கி.பி. 200-லேயே கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று, அதாவது தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டார். ("அபத்தமானது என்பதாலேயே நம்புகிறேன்" என்றும் அவர் சொன்னதாக எல்லா இடத்திலும் போடுகிறார்கள், அந்த வாக்கியம் அவர் எழுத்தில் கிடையாது. நெருக்கமான வேறு ஒரு வரி இருக்கிறது, அங்கேயும் அவர் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்.) 1517-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், இறையியலுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் முழுவதும் வெளிச்சத்துக்கு முன் இருட்டு மாதிரி என்றார். ஆனால் 1521-இல் வோர்ம்ஸ் மன்றத்தில் நின்றபோது, வேதாகமத்தின் சாட்சியத்தாலோ தெளிவான பகுத்தறிவாலோ என்னை மறுத்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார். இரண்டாவதையும் விட்டுவிடவில்லை.

கொலோசெயரை நீட்டும் நண்பருக்கும் ஒரு வார்த்தை. அதே பவுல் ஏதென்ஸில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரண்டு தத்துவப் பள்ளியாரோடும் வாதிட்டதாக அப்போஸ்தலர் 17 சொல்கிறது. அங்கே அவர் மோசேயை மேற்கோள் காட்டவில்லை. ஊரில் கண்ட "அறியப்படாத தேவனுக்கு" என்ற பலிபீடத்தில் தொடங்கி, "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று கிரேக்கக் கவிஞரின் வரியை எடுத்துவிட்டார். கேட்பவர் ஏற்கும் இடத்திலிருந்து பேசு என்று தோமா பின்னால் வகுத்த ஒழுங்கு, இங்கே செயலாகவே இருக்கிறது.

நவீன காலத்தில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 1931 மார்ச்சில் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் பெரிய விவாதம். எமில் பிரெயே என்ற தத்துவ வரலாற்றாசிரியரின் கட்சி இது: கிறிஸ்தவக் கணிதம், கிறிஸ்தவ இயற்பியல் என்று எப்படி ஒன்று கிடையாதோ, அப்படியே கிறிஸ்தவத் தத்துவம் என்றும் ஒன்று கிடையாது. பகுத்தறிவால் நிரூபித்தால் அது வெறும் தத்துவம், வசனத்தால் நிரூபித்தால் அது இறையியல், நடுவில் இடமே இல்லை. சில வருடம் கழித்து ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் இன்னும் கறாராக, அது வட்டமான சதுரம் என்றார். இடைக்காலத் தத்துவ வரலாற்றாசிரியர் எத்தியென் ஜில்சோன் மறுபக்கம் நின்றார்: இரண்டையும் கலக்கக் கூடாது என்பது சரி, ஆனால் வரலாற்றைப் பாருங்கள், ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு, "இருப்பவர்" என்ற பெயர் இவையெல்லாம் வராமல் இருந்திருந்தால் பகுத்தறிவு அந்தத் திசைக்கே போயிருக்குமா? வெளிப்பாடு பகுத்தறிவுக்குத் தவிர்க்க முடியாத துணை.

1983-இல் அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா ஆற்றிய உரை இதை இன்னும் ஒரு படி தள்ளியது. யாரும் வெறும் கையோடு தத்துவத்துக்குள் வருவதில்லை, எல்லோரும் எதையோ நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். கிறிஸ்தவர்களும் தங்கள் நம்பிக்கையை முன்வைத்து, தங்கள் சமூகத்தின் கேள்விகளை எடுத்துக்கொண்டு வேலை செய்ய உரிமை உண்டு என்றார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எங்கிருந்தும் தொடங்கலாம் என்பது சரிதான். ஆனால் எதிரே இருப்பவருக்கும் வழி தெரிகிற மாதிரி நடக்காவிட்டால், லான்ஃப்ராங்கின் குறையையும் மீறி அன்செல்ம் பட்ட பாடு வீண். பிரெயேயின் கணித உதாரணத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது: கணிதத்தில் கேள்வியை யார் கொடுத்தார் என்பது விடையைத் தொடாது; தத்துவத்தில் எந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட்டது என்பதே பாதித் தத்துவம்.

நேரடியாகப் படித்துப் பார்க்க நினைப்பவர்கள் அகுஸ்தீனின் தன்வரலாற்று நூலின் பதினோராம் பகுதியிலிருந்து தொடங்குங்கள், காலம் பற்றிய விவாதம் அங்கேதான் இருக்கிறது. அடுத்து அன்செல்மின் வாதம், அது வரும் இரண்டு மூன்று அதிகாரங்கள் சில பக்கங்கள்தான், கூடவே கௌனிலோவின் மறுப்பையும் விடாதீர்கள். தோமாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் படிக்கும்போது மறுப்புகளை முதலில் படித்து, நீங்களாக ஒரு பதில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அவர் பதிலுக்குப் போங்கள்.